எதிர்ப்பு இருப்பவர்கள் கை தூக்கலாம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டோக்கனோடு காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள். ஏதோ ஓர் அமைச்சர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவராம். வாயைத் திறக்க முடியாத ஒருத்தி பக்கத்தில் அகப்பட்டால் யார்தான் சும்மா விடுவார்கள்? அவர் பேசினார், நான் தலையாட்டினேன்.

"அமைச்சரும் அவரோட மச்சினனும் இருபது நிமிஷம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தாங்கம்மா. எங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அதற்குள் அவர் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த இருபது நிமிடத்தை எழுதத்தான் நாலு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். பிழைப்புக்கு நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அடுத்தவர் வாக்கியத்தில் எங்கே ஓட்டை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். என் வாக்கியம் என்று வந்தால் மட்டும் உள்ளங்கை வியர்த்துப்போகிறது. முதல் வரிக்கு நான் எழுதிப் பார்த்தவை இவை:

(அ) அமைச்சரின் மேஜைமேல் கோப்பு ஒன்று இருந்தது. [இது என்ன, கதையா அலுவலகக் குறிப்பா?]

(ஆ) ஒரு காலத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்த அந்தக் கைகள் இன்று ஒரு நாட்டின் தலையெழுத்தையே [போதும், மேடையை விட்டு இறங்கு.]

(இ) மணி மூன்று இருபது. நாலு மணிக்குள் அமைச்சர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

(இ) இருக்கட்டும். எனக்கிருக்கிற படபடப்பு உங்களுக்கும் கொஞ்சம் தொற்றட்டும்.

2

மணி மூன்று இருபது. நாலு மணிக்குள் அமைச்சர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கோப்பு ஒன்றும் தடிமனானது இல்லை. மேலே ஒன்றரைப் பக்கத்துக்கு ஓர் ஆணை. பேருந்துப் போக்குவரத்து ஓர் அத்தியாவசியச் சேவை. பதினோரு நாளாக நடக்கும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். முன்னின்று நடத்தியவர்கள் இன்றிலிருந்து வேலையை விட்டு நீக்கப்படுகிறார்கள். கீழே பட்டியல். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், அத்தனையும் பெரிய டிப்போ ஆட்கள். அமைச்சர் இருபத்திரண்டு வருடம் டயர் செக்‌ஷனில் வேலை பார்த்த அதே டிப்போ. பட்டியலின் முதல் பெயர் இப்போதைய சங்கத் தலைவருடையது. சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, அமைச்சரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி.

அமைச்சர் எழுந்து அறையை ஒட்டியிருந்த குளியலறைக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் இது நாலாவது தடவை. சோப்பைக் குழைத்து நகக்கண்களைத் தேய்த்தார். டயர் கறுப்பு அங்கே இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். டிப்போவை விட்டு எட்டு வருடமாகிவிட்டது, இருக்க வழியில்லை. ஆனாலும் தேய்த்தார். டிப்போவில் எல்லோருக்கும் அவர் 'டயர் அண்ணன்'. இங்கே எல்லோருக்கும் 'சார்'. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பேருமே தெரியவில்லை, முகத்தைக் கழுவிக்கொள்ளாத ஒரு வயசாளிதான் தெரிந்தார்.

வெளியே வந்ததும் டெலிபோன் அடித்தது. பிரதமர் அலுவலகம்.

"என்னண்ணே, முடிஞ்சுதா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

"பார்க்க என்னண்ணே இருக்கு? நீங்க கேட்டீங்கன்னுதானே பட்டியலைக் குறைச்சோம். நீங்க போடலைன்னா பரவாயில்லை, அந்த நாற்காலில வேற ஆளை உக்கார வச்சு ஆறு மணிக்குள்ள வாங்கிடுவோம். ஆனா அவர் பழைய பட்டியல்லதான் போடுவார். பார்த்துக்குங்க."

பழைய பட்டியலில் அறுநூற்று நாற்பது பெயர். ஒரு வாரம் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டு அமைச்சர்தான் அதை இருநூற்றுப் பன்னிரண்டாக ஆக்கியிருந்தார். இவர் அந்த நாற்காலியில் இருந்ததால் நானூற்றுச் சொச்சம் குடும்பம் பிழைத்தது. இவர் கையெழுத்தால் இருநூற்றுச் சொச்சம் குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது.*

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி கதவு வரைக்கும் வந்தார். பதினோரு நாளாக அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்றைக்கு எடுத்தார்.

"என்னங்க, என் தம்பி இன்னிக்கு உங்களைப் பார்க்க வருவான். வெளிய காக்க வைக்காதீங்க."

"சரி."

"அவன் பேருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு கிடைக்கும். பேச்சு கிடைக்காது. சொல்லிட்டேன்."

முப்பத்தோரு வருடக் கல்யாணத்தில் அந்த அம்மாள் ஒன்று சொல்லிச் செய்யாமல் விட்டதில்லை.

(* 'அப்படியானால் கையெழுத்துப் போடுவதுதானே நியாயம்?' என்று நீங்கள் கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. புதன்கிழமை காலையில் எழுந்தால் அந்த மனிதர்மேல் எரிச்சலாக வருகிறது. இந்தப் பகுதியை எழுதியது செவ்வாய்க்கிழமை.)

3

கதையை இங்கே நிறுத்திவிட்டு உங்களுக்கு வாசல் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மேற்கொண்டு படித்துப் பிரயோஜனமில்லை.

பெரிய டிப்போவில் நிர்வாகத்தோடு எந்த ஒப்பந்தம் வந்தாலும் சங்கத் தலைவர் அதை வாசல் கேட்டில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு வரி விடக் கூடாது. ஓரத்தில் யாராவது பென்சிலால் கிறுக்கியிருந்தால் அந்தக் கிறுக்கலையும் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. "எதிர்ப்பு இருக்கா?" கை தூக்கியவர்களை எண்ணி, எண்ணிக்கையையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டால் அங்கேயே கையெழுத்து. அதுவும் மேஜைமேல் வைத்து அல்ல.

இந்த வழக்கம் ஆரம்பித்த அன்றைக்கு டயர் அண்ணனுக்கு முப்பத்து நாலு வயது. தலைவராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லோருக்கும் எட்டு மணி நேர ஷிப்ட் என்று முதல்முதலாக ஒப்பந்தம் வந்தது. கேட்டில் ஒரே விசிலும் கூச்சலும். ஆனால் ஆறாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பஸ் கழுவ இயந்திரம் வரும், கழுவும் ஷெட் மூடப்படும். அவர் அதையும் வாசித்தார். கூச்சல் அடங்கிவிட்டது. எதிர்ப்பு ஒன்பது. ஒன்பது பேரும் கழுவும் ஷெட்காரர்கள்.

கையெழுத்துப் போட மேஜை இல்லை. அதிகாரி தன் தோல்பையை நீட்டினார். அப்போது கழுவும் ஷெட் மேஸ்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இடுப்பு வரைக்கும் நனைந்த மனிதர்.

"எதுக்கு அவன் பை? எம் முதுகுல வச்சுப் போடு. அப்பத்தான் உனக்கு ஞாபகம் இருக்கும்" என்று முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்துவிட்டார்.

டயர் அண்ணன் போட்டார். ஈரத்தில் பேனா முனை காகிதத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போனது. மேஸ்திரி மூச்சு விடும்போதெல்லாம் காகிதம் ஏறி இறங்கியது. கையெழுத்துக் கோணிக்கொண்டு வேறு யாருடையதோ போல விழுந்தது. அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. ஒப்பந்தத்தால் யாருக்கு அதிக நஷ்டமோ, அவர் முதுகில் வைத்துத்தான் கையெழுத்து.

4

அவர் எப்படிப் பாராளுமன்றத்துக்குப் போனார் என்பதை நான் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் பாராட்டுவிழா மலர் மாதிரியே வந்து தொலைத்தது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலைநிறுத்தத்தில் நாற்பது நாள் ஜெயிலில் இருந்தார். உள்ளே போகும்போது டிப்போவுக்கு மட்டும் தெரிந்தவர், வெளியே வரும்போது ஊருக்கே தெரிந்துவிட்டார். ஒரு கட்சி வீடு தேடி வந்து தேர்தலில் நிற்கச் சொன்னது. மனைவி வேண்டாம் என்றார். மச்சினன்தான் ஒற்றைக்காலில் நின்றான்.

"போங்க மச்சான். நாம கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு எத்தனை நாளைக்குக் கத்துறது? அந்தப் பக்கமும் ஒரு ஆள் இருக்கட்டும்."

"அந்தப் பக்கம் போனா நீ என்னைப் பார்த்துல்ல கத்துவே, மாப்ளே."

"கத்துவேன்தான். பழகுன மூஞ்சியா இருந்தாக் கத்த வசதி."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். (இந்தச் சிரிப்பைக் கதையில் வைக்கலாமா என்று எனக்குச் சந்தேகம். பின்னால் நடக்கப்போவது தெரிந்துகொண்டு இதை எழுதினால் சிரிப்புக்குள் ஏதோ கத்தியை ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் சிரித்தார்கள், அதற்கு நான் என்ன செய்ய.)

ஜெயித்தார். பாராளுமன்றத்தில் முதல் பேச்சு. ஒரு மசோதாமேல் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் மசோதாவை எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். பின்வரிசையில் கொட்டாவி, முன்வரிசையில் முணுமுணுப்பு. நேரம் முடிந்ததென்று மணி அடித்தும் விடவில்லை. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, நிமிர்ந்து, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: "எதிர்ப்பு இருக்கா?"

சபையே சிரித்தது. சபாநாயகரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதை நான்தான் கேக்கணும், உறுப்பினரே" என்றார். மறுநாள் பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது. டிப்போவில் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்தார்கள், பெருமையாக.

நாலு வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை ஜெயித்ததும் அமைச்சராக்கினார்கள். பதவியேற்ற முதல் வாரமே ஒரு தப்பு செய்தார். அந்த டிப்போவில் வளர்ந்தவரைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அலுவலகத்தில் ஐந்து பியூன் வேலையை ஒழிக்கும் ரகசியக் கோப்பு வந்தது. இவர் அதை எடுத்துக்கொண்டு நேராக வராந்தாவுக்குப் போய், ஐந்து பியூன்களையும் வரவழைத்து, சத்தமாக வாசித்துக் காட்டி, எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஐந்து கையும் மேலே போய்விட்டது. துறை அதிகாரிக்கு நெஞ்சடைப்பே வந்திருக்கும்.

"சார், ரகசியம்னு மேலயே சிவப்புல போட்டிருக்கு சார்!"

"அதையும் வாசிச்சேனே."

பிரதமர் கூப்பிட்டு அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதற்குப் பிறகு அவர் எதையும் வாசித்துக் காட்டவில்லை. கோப்புகள் வந்தன, மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடி பதித்த மேஜை. பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். கையெழுத்து அழகாக விழ ஆரம்பித்தது.

5

மூன்று முப்பத்தைந்துக்கு மச்சினன் வந்தான். காக்கிச் சட்டையோடு வந்தான். பதினோரு நாளாக வேலைக்குப் போகாதவன் எதற்காகச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்தான் என்று அமைச்சருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கோப்பை மூடிவைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

டைப்பிஸ்டும் உதவியாளரும் வெளியே போனார்கள். துறை அதிகாரி வாசற்படியில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். கதவு சாத்தப்பட்டது.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதத்தானே எழுத்தாளர் என்கிறீர்களா? எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. அமைச்சர் ஆணையைக் கிழித்துப் போட்டுவிட்டு மச்சினனின் தோளில் கைபோட்டபடி வெளியே வருகிறார். [கைதட்டல் நிச்சயம். ஆனால் ஆறு மணிக்குப் புது ஆள் அறுநூற்று நாற்பதில் கையெழுத்துப் போட்டிருப்பாரே, அந்த நானூற்றுச் சொச்சம் பேருக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா?]

முடிவு இரண்டு. மூன்று முப்பதுக்கே அவர் கையெழுத்துப் போட்டு ஒளித்துவைத்துவிட்டார். மச்சினனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் குடும்ப விஷயம் பேசி அனுப்பிவிடுகிறார். [அவ்வளவு கேவலமான மனிதரா? புதன்கிழமை எழுதியது.]

முடிவு மூன்று. மச்சினன் அவர் காலில் விழுந்து, தன் பெயரை மட்டுமாவது [இல்லை. இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.]

நடந்தது என்னவென்று ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஐந்து மணி ரேடியோச் செய்தியில் ஆணை வந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஆகவே கையெழுத்துப் போட்டார். அதில் மாற்றமில்லை, நீங்கள் வீணாக ஆசை வளர்க்க வேண்டாம்.

6

பகுதி ஒன்றில் நான் சொன்னது பொய்.

பல் ஆஸ்பத்திரியும் இல்லை, டைப்பிஸ்ட் அம்மாளும் இல்லை. என் பல்லெல்லாம் கல்லுமாதிரி இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அந்த மச்சினன் என் அப்பா. அமைச்சரின் மனைவி என் அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. அமைச்சர் என் மாமா.

அன்றைக்கு எனக்கு இருபத்து மூன்று வயது. சமையலறையில் ரேடியோவுக்கு முன்னால் அம்மாவும் நானும் நின்றிருந்தோம். ஆறு மணிக்கு அப்பா வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "வேலை போச்சு" என்றார். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவர் சொல்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாக. பிறகு உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அத்தை சொன்னதைச் செய்தார். ஒன்பது வருடமாக மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீடு. சோறு போடுகிறார், சட்டை துவைத்துப் போடுகிறார், காய்ச்சல் வந்தால் மாத்திரை எடுத்து வைக்கிறார். சொல்ல வேண்டியதை நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி மேஜையில் வைத்துவிடுவார். 'பால் தீர்ந்துவிட்டது.' 'கரண்டு ஆள் நாளை வருவார்.' மாமா பதவி போய் வீட்டோடு வந்து நாலு வருடமாகிறது. அவரும் தாளிலேயே பதில் எழுதுகிறார். ஒருமுறை நான் போனபோது இரண்டு பேரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து தாளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன். இந்தக் கதையை எழுத ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

7

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதுவரைக்கும் எழுதியதை அப்பாவிடம் சத்தமாக வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடவில்லை. அப்பா பழைய நட்டுகளை அளவு பார்த்து டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"டைப்பிஸ்ட் அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார் முடிந்ததும்.

"அப்பா!"

"முடிவு மூணுமே தப்பு."

"அப்ப சரியானதைச் சொல்லுங்க. ஒன்பது வருஷமா வாயில கொழுக்கட்டையா?"

அப்பா டப்பாவை மூடினார். பிறகு சொன்னார். இனி வருவது அவர் சொன்னது, என் ஜோடனை எதுவும் இல்லை.

கதவு சாத்தியதும் மாமா கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். டிப்போ கேட்டில் நிற்பது மாதிரியே காலை அகட்டி நின்றார். வாசிக்க ஆரம்பித்தார். அறைக்குள் அப்பா ஒருவர்தான். ஆனாலும் முந்நூறு பேருக்குக் கேட்கிற குரலில்தான் வாசித்தார். கனத்த இரட்டைக் கதவு, பேச்சு எதுவும் வெளியே கேட்காது. ஆணையை வாசித்தார். பட்டியலுக்கு வந்தார். முதல் பெயரை வாசித்ததும் நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததையும் வாசித்தார்: 'இந்தப் பெயரை மட்டும் நீக்கிக்கொள்ளலாம். அமைச்சரின் விருப்பம்.'

"அதிகாரி எழுதி வச்சிருக்கான், மாப்ளே. நானா கேக்கலை" என்று சொல்லிவிட்டு மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். பெயரை அடிக்கப் போனார்.

அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம் மச்சான். என் பேரை அடிச்சிட்டு, மிச்சம் இருநூத்திப் பதினோரு பேர் மூஞ்சிலயும் நான் எப்படி முழிக்கிறது?"

"உங்கக்கா என்னோட பேச மாட்டாடா!"

"தெரியும்."

"சும்மா சொல்றவ இல்ல அவ."

"எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவன். அடிக்காதீங்க. இப்படி ஒரு சலுகை வந்துச்சுன்னே யாருக்கும் தெரியக் கூடாது. டிப்போ வாசல்ல ஒருத்தன் காதுல விழுந்தாலும் சங்கம் உடைஞ்சிடும். அக்காகிட்டயும் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

மாமா சத்தியம் செய்தார். மீதிப் பெயர்களை வாசித்தார். எல்லோரும் அவர் கூடவே சாப்பிட்டவர்கள். கழுவும் ஷெட் மேஸ்திரியின் மகன் பெயரும் அதில் இருந்தது. கடைசிப் பெயர் வரைக்கும் வாசித்துவிட்டு, நிமிர்ந்து கேட்டார்.

"எதிர்ப்பு இருக்கா?"

அப்பா கையைத் தூக்கினார்.

"எதிர்ப்பு ஒண்ணு" என்று மாமா சத்தமாகச் சொன்னார். அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார், வேறு யாராவது இருக்கிறார்களா என்பது போல. கதவுக்கு வெளியே அதிகாரி தட்ட ஆரம்பித்துவிட்டார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் நான் போய்க் குனிஞ்சேன். 'மேஜை இருக்குடா'ன்னார். 'இருக்கட்டும்'னேன். அதுக்குத்தானே காக்கிச் சட்டை போட்டுட்டுப் போனேன்." அப்பா தன் முதுகைத் தடவப் போய், கை எட்டாமல் பாதியில் விட்டார். "பேப்பர் நடுங்குச்சு. என் மூச்சா அவர் கையான்னு தெரியலை."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "அத்தைகிட்ட ஏன் இத்தனை வருஷமா சொல்லலை? சங்கமெல்லாம் எப்பவோ கலைஞ்சு போச்சே!"

"முதல்ல ரெண்டு மாசம் போகட்டும்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு வருஷமாச்சு. அதுக்கு மேல எந்த மூஞ்சியோட போய்ச் சொல்றது?" டப்பாவை மறுபடி திறந்தார். "நெஜத்தைச் சொல்லணும்னா, அவர் கையெழுத்துப் போட்டாருல்ல? என்ன காரணமா இருந்தாலும் போட்டாருல்ல? அதுக்கு யாராவது ஒருத்தர் அவரோட பேசாம இருக்கட்டுமேன்னு எனக்கும் இருந்துச்சு. அவரும் சத்தியத்தைக் காப்பாத்திட்டார்."

இந்தக் கடைசி நாலு வாக்கியத்தை எடுத்துவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வாசிச்சா முழுசா வாசிக்கணும்" என்றார்.

8

கதை முடிந்துவிட்டது என்று பேனாவை மூடினேன். அப்பாதான் விடவில்லை.

"கையெழுத்து எங்க போடப்போறே?"

"என்னப்பா?"

"உன் பேரைக் கீழ போட்டு அச்சுக்குக் கொடுப்பேல்ல. யார் முதுகுல வச்சுப் போடப்போறே? இந்தக் கதையால யாருக்கு நஷ்டம் அதிகம்?"

மாமாவுக்கு என்று நினைத்தேன். இல்லை, இதைப் படித்தால் ஊர் அவரைக் கொஞ்சம் மன்னிக்கவும் கூடும். அப்பாவுக்கா? அவர் தானே வாய் திறந்து சொன்னார்.

"உங்க அத்தைக்கு" என்றார் அப்பா.

ஒன்பது வருடம். எத்தனை நாள்காட்டி, எத்தனை தாள். தம்பிக்காகத்தான் பேசாமல் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தம்பியேதான் தன் பெயரை அடிக்க விடவில்லை என்று போய் எப்படிச் சொல்வது? சொன்னால் மாமாவோடு பேசுவாரா, இல்லை அப்பாவோடும் பேச்சை நிறுத்திவிடுவாரா? சொல்லாமலே விட்டால்? மாமாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். கண்ணைக் கட்டிவிடுவார்கள். தாளில் எழுதி வைத்தால் எப்படிப் படிப்பார்?

அத்தை நாளைக்குப் பதினோரு மணிக்கு வருகிறார். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு என்னைக் கூப்பிடத்தான் வருகிறார், வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. இதை முழுவதும் அவரிடம் வாசித்துக் காட்டப்போகிறேன். ஒரு வரி விடாமல். முதல் பொய்யையும், மூன்று முடிவுகளையும், அப்பாவின் நாலு வாக்கியத்தையும், இதோ இந்தப் பகுதியையும். காலையிலிருந்து நாலு தடவை கை கழுவிவிட்டேன்.

வாசித்து முடித்ததும் அத்தையிடம் கேட்பேன். அவர் கை தூக்கினால், "எதிர்ப்பு ஒண்ணு" என்று சத்தமாகச் சொல்வேன். அது வரைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியும். அதற்குப் பிறகு என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் இதை அச்சில் படித்துக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. அத்தை கை தூக்கவில்லை. அல்லது, தூக்கினார், நான் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எது என்று நான் சொல்லப்போவதில்லை. மாமாவைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள், அதையே எனக்கும் போட்டுக்கொள்ளுங்கள். கீழே என் பெயர் கோணலாக விழுந்திருக்கிறதா என்று தேட வேண்டாம், அச்சில் எல்லாம் நேராகத்தான் தெரியும்.

எதிர்ப்பு இருக்கா?